ரசமட்டம் தலையாட்டாத கறுப்புக் கோல்

கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்துக்குள் ஒரு குமிழி உண்டு. சுவர் நூலளவு சாய்ந்தாலும் அது ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு காட்டிக்கொடுத்துவிடும். இந்த வீட்டு மூத்த மருமகளுக்கு அந்தக் குமிழி கண்ணுக்குள் இருந்தது. அதனால் தெருவே இவளை ரசமட்டம் என்று கூப்பிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று புருஷனைக் கேட்டால்கூட அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அந்தக் கண்ணைப் பற்றி நிறையச் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு எடுக்க அவர் முதன்முதலாக இவள் வீட்டுக்கு வந்தபோது, இவள் குனிந்த தலை நிமிரவில்லையாம். வெட்கம் என்று நினைத்து அவர் பூரித்துப்போனார். உண்மையில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னங்கால் ஒன்று குட்டை. இவள் கண் அதைவிட்டு அசையவில்லை. இன்னொரு நாள் பேருந்தில் ஏறப்போனவள், முன்சக்கரம் கோணியிருக்கிறது என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு ஏற மறுத்துவிட்டாள். அவர் முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அடுத்த திருப்பத்தில் அந்தச் சக்கரம் மட்டும், அவசரமாக வீட்டுக்குப் போகிறவனைப் போல, பேருந்தை முந்திக்கொண்டு உருண்டு போனது. இதைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறவர்களை எல்லாம் ஏற்றினால் அந்தப் பேருந்தில் இடம் போதாது. அது கிடக்கட்டும்.

புகுந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த உத்தியோகம் அந்தக் கண்ணுக்கு ஏற்றதாக அமைந்தது. வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். பட்டறையில் பில்லியர்ட்ஸ் கோல் செய்தார்கள், மேசைமேல் பந்தை அடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டத்துக்கு. கோல் இரண்டு துண்டு, நடுவில் மரை முடுக்கிச் சேர்ப்பது. பின்துண்டு கைப்பிடி, அதில் என்ன அலங்காரம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பந்தைத் தொடுகிற முன்துண்டுதான் உயிர். அதை ஷாஃப்ட் என்பார்கள். மேப்பிள் மரத்தில் அதைக் கடைவது அவள் புருஷனின் வேலை. மரம் ஒரேயடியாக மெலிய ஒப்புக்கொள்ளாது. லேத்தில் கொஞ்சம் கடைந்து, உத்தரத்தில் தொங்கவிட்டு, அது தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு ஓய்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் கடைந்து, மறுபடியும் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் தாஜா பண்ண வேண்டும்.

எல்லாம் முடிந்த கோல் கடைசியில் ஜன்னலோரத்துக் கண்ணாடி மேசைக்கு வரும். தடித்த கண்ணாடிப் பலகை. அதற்குப் பின்னால் ஒரு குழல்விளக்கு. ரசமட்டம் முக்காலியில் உட்கார்ந்து, கன்னம் கண்ணாடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, உள்ளங்கையால் கோலை உருட்டுவாள். கோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கண்சிமிட்டினால் அது வளைந்த கோல்; லேத்துக்கே திரும்பிவிடும். சிமிட்டாவிட்டால் அவள் ஒரு தடவை தலையாட்டுவாள். ஒரே தடவை. அந்தத் தலையாட்டல் இல்லாமல் எந்தக் கோலும் வாசலைத் தாண்டியதில்லை. அந்த மேசைமேல் மாமியார்கூடக் காய்கறிக் கூடையை வைக்கமாட்டார். ஊருக்கு ராஜா யாராக இருந்தாலும், அந்த வீட்டுக்கு அந்த முக்காலிதான் சிம்மாசனம்.

இப்படி இருந்த வீட்டுக்குக் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவளின் அப்பா தூண்டில் கழி செய்கிறவர். வந்த புதிதில் அவளைப் பற்றி ரசமட்டத்துக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. சிரித்த முகம். சமையல் வராது. பாலைப் பொங்கவிட்டு அடுப்பைக் குளிப்பாட்டுவாள். 'பாவம், பழகிக்குவா' என்று மாமியார் சொன்னபோதுதான் ரசமட்டத்துக்கு முதல் முள் தைத்தது. தான் வந்த புதிதில் பால் பொங்கியபோது இதே மாமியார், 'கண்ணு எங்க போச்சு?' என்று கேட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கோலின் வளைவைப் போலவே இதிலும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஒருநாள் சாயங்காலம் தெருமுனையில் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்துகிறவர் பட்டறைக்கு வந்தார். மேசையின் ஓரத்தில் மோதவிட்டே பந்தைக் குழியில் தள்ளுவார் என்பதால் அவருக்கு ஓரப்பந்து என்று பெயர். அவர் கையில் எந்தக் கோல் இருக்கிறதோ அதையே கூடம் முழுவதும் வாங்கும். அன்று அவர் கையில் கரேலென்று ஒரு ஷாஃப்ட் இருந்தது.

"கார்பன் ஃபைபர்," என்றார். "வெயிலோ மழையோ, இது வளையாது. இனிமே எல்லாரும் இதத்தான் கேக்கப்போறாங்க. உங்களால முடியாது, அதுவும் தெரியும். இதெல்லாம் பெரிய பேக்டரி சமாச்சாரம். சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

பெரியவர், அதாவது ரசமட்டத்தின் புருஷன், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷினே ஒரு வீடு அளவுக்கு இருக்கும்போல," என்றார்.

காபி கொண்டுவந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கு எதுக்கு மாமா பேக்டரி? கார்பன் துணியச் சுத்தி வேக வைக்கிறதுதானே? தூண்டில் கழிய எங்கப்பா வீட்டுப் பின்னாடியே இப்படித்தான் பண்ணுவாரு. நானே பண்ணுவேன்."

பட்டறையில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. லேத்தே ஒரு கணம் நின்று பார்த்ததாகச் சொல்வார்கள். மின்சாரம் போனதாகவும் சிலர் சொல்வார்கள்.

"அடிப்பாவி," என்றார் மாமியார், வாயெல்லாம் பல்லாக. "இத்தன நாளா இத வயித்துக்குள்ளயே வெச்சிக்கிட்டு, எங்களுக்குத் தீஞ்ச தோசைய போட்டுட்டு இருந்தியா?"

ரசமட்டம் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "மீன் பிடிக்கிற குச்சியும் பந்தாடற கோலும் ஒண்ணா?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். ஜன்னல் பதில் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. சின்னப் பட்டறையில் முடியுமா, முடியாதா? பெரியவர் ஒவ்வொரு தடையாக எடுத்துப்போடுவார். சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைப்பாள்.

"துணி எப்படி இருக்கும்?"

"பிசின் ஏத்தியே வரும் மாமா. குளிர்லயே வெச்சிருக்கணும். வெளிய கெடந்தா பிசின் இறுகிடும்."

"குளிர்னா?"

"நம்ம ஃபிரிட்ஜோட ஐஸ் பெட்டி போதும்."

ஐஸ் பெட்டியில் மாமியாரின் பட்டாணிக்குப் பக்கத்தில் கறுப்புச் சுருள் ஒன்று குடியேறியது. தன் பட்டாணியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்கிற அந்த அம்மாள், பட்டாணியைத் தானே நகர்த்தி இடம் விட்டார். கார்பன் துணி என்று சொல்ல ரசமட்டத்துக்கு நாக்கு வரவில்லை. "அந்தக் கரித்துணி இடிக்குது, பட்டாணி எடுக்க முடியல," என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாள். பட்டாணியே பிடிக்காதவள் அவள்.

"அடுப்பு?" என்றார் பெரியவர்.

பேக்கரியில் ஓரங்கட்டிய உயரமான அடுப்பு ஒன்றைக் கொழுந்தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கழுவிக் கழுவிப் பார்த்தும் அதில் பன் வாசனை போகவில்லை. அதைப் பற்றவைக்கும்போதெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குப் பசித்தது.

"துணியச் சுத்தறதுக்கு உள்ள ஒரு கம்பி வேணுமே?"

"ஒரு பக்கம் தடியா, போகப் போக மெலிஞ்சு, வழுவழுன்னு ஒரு எஃகுக் கம்பி. அத உங்களவிட யாரு மாமா நல்லாக் கடைவாங்க?"

அந்த வார்த்தைக்குப் பிறகு பெரியவர் தடை எதையும் தேடவில்லை. கம்பியைக் கடைந்து, முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றினார். தன் மேப்பிள் கோலுக்குக்கூட அவர் இப்படி மெருகேற்றியதில்லை என்று ரசமட்டம் மனசுக்குள் குறித்துக்கொண்டாள். கம்பியின் தடித்த முனையில் சின்னவள் ஒரு கோடு கீறச் சொன்னாள்.

"எதுக்கு?"

"துணி அடுக்கடுக்கா வரும். ஒவ்வொரு அடுக்கும் இந்தக் கோட்டுலதான் ஆரம்பிக்கணும். எங்கப்பா அதுல ரொம்பக் கண்டிப்பு. கோடு தப்புனா அன்னைக்குச் சாப்பாடு கிடையாது."

"பாரு, வளத்த ஒழுங்கப் பாரு," என்றார் மாமியார், யாருக்கும் குறிப்பாக இல்லாமல், ரசமட்டத்துக்குக் கேட்கும்படியாக.

துணியைச் சுற்றத் தட்டையான மேசை வேண்டும். நூலளவு மேடுபள்ளம் இருந்தாலும் காற்றுக் குமிழி உட்கார்ந்துவிடும். அந்த வீட்டில் அப்படி ஒரே ஒரு மேசைதான் இருந்தது.

"அக்கா, கொஞ்ச நேரத்துக்கு உங்க மேசையக் குடுக்குறீங்களா?" என்று சின்னவள் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதையை எங்கே குறை சொல்வது என்று தேடி, எதுவும் கிடைக்காமல், ரசமட்டம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மேசையைக் கேட்டால் மேசைதானே? முக்காலியைக் கேட்கவில்லையே.

சமையலறைக் கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். சின்னவள் கம்பிக்கு மெழுகு பூசினாள். நீள முக்கோணமாக வெட்டிய துணியின் ஓரத்தைக் கோட்டில் பொருத்தி, இஸ்திரிப் பெட்டியால் மெல்லச் சூடு காட்டி ஒட்டினாள். பிறகு உள்ளங்கையால் உருட்டினாள். ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது, அதே கோடு, அடுத்தது, அதே கோடு. உருட்டுகிற கையில் அவசரமோ நடுக்கமோ இல்லை. நல்ல கை என்று ரசமட்டத்தின் கண் சொன்னது. கண்ணை அவள் திட்டினாள்.

மேலே சூட்டில் சுருங்குகிற நாடாவைச் சுற்றி, அடுப்பில் தொங்கவிட்டு வேகவைத்தார்கள். ஆறியதும் பெரியவரும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கம்பியை இழுத்தார்கள். யானைக்குப் பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. 'டப்' என்று கம்பி வெளியே வந்தது. கொழுந்தன் பட்டறையின் மறுகோடியில் போய் விழுந்தான். சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினாள். உள்ளே காலியாக இருந்தால் பந்தை அடிக்கும்போது டொக்கென்று கேட்கும் என்று நுரை ஊற்றி நிரப்பினாள். பெரியவர் முனையில் வெள்ளை மூக்கும், அதன்மேல் பந்தைத் தொடுகிற தோல் நுனியும் வைத்தார்.

அந்தக் கறுப்புத் தூள் தோலில் பட்டால் அரிக்கும். தேய்த்தவள் சின்னவள், ஆனால் ரசமட்டத்துக்குத்தான் ராத்திரி பகலாக அரித்தது.

"தூசுப் பக்கமே போகலையே நீ? உனக்கு ஏன் அரிக்குது?" என்றார் பெரியவர்.

"எனக்கு எங்க அரிச்சா உங்களுக்கென்ன? நீங்க போய்க் கம்பிக்கு மெருகு போடுங்க."

முதல் கறுப்புக் கோல் தயாரானதும் வழக்கம்போல அவள் முக்காலியோடு மேசைக்குத் திரும்பி வந்து, கையை நீட்டினாள். சின்னவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

"பாருங்கக்கா. ஆனா உருட்டிப் பாக்கவே தேவையில்ல. இது வளையவே வளையாது. கம்பி நேரா இருந்தா இதுவும் நேருதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரசமட்டத்தின் காதில் அது, 'இனி உனக்கு இங்கே என்ன வேலை?' என்று விழுந்தது.

கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து உருட்டினாள். முன்னால், பின்னால், மெதுவாக, வேகமாக. ஒரே ஒரு கண்சிமிட்டலுக்காக அவள் அன்று ஏங்கியது போல எந்தக் காதலியும் ஏங்கியிருக்கமாட்டாள். வெளிச்சம் அசையவேயில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த பொருள்களிலேயே நேரானது அதுதான்.

அவள் தலையாட்டவில்லை. கோலை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மேசை காலி. கொழுந்தன் அதை ஓரப்பந்திடம் கொடுக்கக் கிளம்பிவிட்டான். அவள் தலையாட்டாமல் வாசலைத் தாண்டிய முதல் கோல் அது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு ஓரப்பந்து கூடத்தில் ஆடியதைப் பார்த்தவர்கள், பந்துகள் தாமாகவே வரிசையில் நின்று குழியில் குதித்தன என்றார்கள். அடுத்த ஆட்டத்திலேயே ஒரு சுலபமான பந்து விலகிப்போனது. அதற்கடுத்ததில் மறுபடியும் சரி. பிறகு இரண்டு தவறு. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கோலைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கோல்ல குத்தம் சொல்ல முடியல," என்றார். "ஆனா இதுக்குப் புத்தி ஒரு நெலையா இல்ல. காலையில சொன்ன பேச்சக் கேக்குது. சாயங்காலம் எம் பொண்டாட்டி மாதிரி ஆகிடுது."

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. நுனியை மாற்றினார்கள். மரையைப் பிரித்துப் பூட்டினார்கள். புதிதாக இன்னும் சில கோல் சுற்றினாள், முன்னைவிடக் கவனமாக, ஒவ்வோர் அடுக்கும் மயிரிழை பிசகாமல் அதே கோட்டில். எல்லாம் அதே கதை. கண்ணாடியில் நேர், கூடத்தில் கிறுக்கு.

ரசமட்டத்துக்குச் சாப்பாடு இறங்கியது. அரிப்பு நின்றது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், தோற்ற எதிரியின் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற ஆசையோடு ஒரு கறுப்புக் கோலை எடுத்தாள். இரண்டு மரக்கட்டைகளை மேசையில் வைத்து, அவற்றின்மேல் கோலின் இரண்டு முனையையும் கிடத்தினாள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறதா என்று பார்க்க, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே மெல்ல உருட்டினாள்.

கோல் உருண்டது. உருண்டுகொண்டே வந்து, ஓர் இடத்தில் 'ணக்' என்று தானாகத் துள்ளித் திரும்பிப் படுத்துக்கொண்டது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி.

மறுபடியும் அழுத்தி உருட்டினாள். அதே இடத்தில் அதே துள்ளல். அவள் உள்ளங்கை சிலிர்த்தது. எல்லா அடுக்கும் ஒரே கோட்டில் ஆரம்பித்ததால், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஓரத்தின்மேல் ஓரம் ஏறித் தடித்து, கோலுக்கு முதுகெலும்பு போல ஒன்று உருவாகியிருந்தது. அந்த முதுகெலும்பு மேலே இருக்கும்படி பிடித்து அடித்தால் பந்து ஒரு விதமாகப் போகும். பக்கவாட்டில் இருந்தால் வேறு விதமாகப் போகும். ஆடுகிறவன் கோலை ஒரே பக்கமாகவா பிடிக்கிறான்? விரலுக்குள் அது சுழன்றுகொண்டே இருக்கும். இதுதான் அந்தக் கிறுக்கு.

கண்டுபிடித்தவள் கோலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கட்டைகளையும் வைத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. நெஞ்சுக்குள் சர்க்கரைப் பாகு மாதிரி ஒன்று இறங்கியது. நான் சொன்னால் கோல் தேறும். நான் சொல்லாவிட்டால் கோல் இல்லை. முக்காலியில் சாய்ந்துகொள்ள முதுகு இல்லையே என்று முதன்முதலாக வருத்தப்பட்டாள்.

ஆனால் சின்னவளின் தோல்வியை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று அவள் போட்டுவைத்திருந்த கணக்கை வீடு குழப்பிவிட்டது. சின்னவள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். மாமியார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டார். மாமியாரே தன் கையால் காபி போட்டுக் கொண்டுவந்தார். அந்தக் கையால் காபி குடித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. செத்துப்போன மாமனாரே தானாகப் போட்டுக் குடித்தவர்தான். கொழுந்தன் தோட்டத்துப் பூவையெல்லாம் மொட்டையடித்துக்கொண்டு வந்தான். பெரியவர்கூட, "பாவம்மா, எவ்வளவு உழைச்சா," என்றார்.

ரசமட்டம் அந்தக் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஈரம் ஏறி ஒரு கட்டு மேப்பிள் முழுவதும் முறுக்கிக்கொண்டபோது அவளும்தான் அழுதாள். அப்போது யார் காபி கொடுத்தார்கள்? 'மரத்த நனையவிட்டது யாரு?' என்றுதான் கேட்டார்கள். ஜெயித்தாலும் சின்னவளுக்கே உபசாரம், தோற்றாலும் அவளுக்கே என்றால் இது எந்த ஊர் நியாயம்?

அரிப்பு திரும்பி வந்தது.

அடுத்த நாள் ஓரப்பந்து வந்து, கூடத்துக்கு வேண்டியதைப் பேக்டரியிலிருந்தே தருவித்துக்கொள்வதாகச் சொன்னார். "அப்பவே சொன்னேனே. சின்னப் பட்டறையில வராது. உங்க மேல தப்பில்ல," என்றார். பெரியவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அடுப்பை பேக்கரிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லாம் ரசமட்டம் நினைத்தபடியே நடந்தது, மாமியார் வாயைத் திறக்கும்வரை.

"போகட்டும்," என்றார் மாமியார். "இவ மனசு ஒடிஞ்சு போச்சு. சும்மா உக்காந்தா இன்னும் ஒடியும். பெரியவளே, நாளையிலேருந்து சின்னவ அந்தக் கண்ணாடி மேசையில உக்காரட்டும். உருட்டிப் பாக்குற வேலைய அவளுக்குக் கத்துக்குடு. கொஞ்ச நாள் அவ பாக்கட்டும். உனக்கும் கண்ணுக்கு ஓய்வு."

"எந்த மேசையில?"

"எத்தன மேசை இருக்கு நம்ம வீட்டுல?"

ரசமட்டம் எழுந்தாள். முக்காலி கீழே விழுந்தது. அவள் எடுத்து நிமிர்த்தவில்லை. அந்த வீட்டில் ஒரு பொருள் சாய்ந்து கிடந்து அவள் நிமிர்த்தாமல் போனது அன்று ஒருநாள்தான். நேராகப் போய்க் கறுப்புக் கோல் ஒன்றை எடுத்துவந்தாள். மரக்கட்டைகளை டொக் டொக்கென்று மேசையில் வைத்தாள்.

"இங்க வா," என்றாள் சின்னவளிடம். "கையக் குடு. அழுத்து. இன்னும் அழுத்து, பூ தொடுற மாதிரி தொடாத. இப்ப உருட்டு."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உருட்டினாள். கோல் 'ணக்' என்று துள்ளிப் படுத்தது.

சின்னவளின் வாய் திறந்தபடி நின்றது. மறுபடியும் உருட்டினாள். துள்ளியது. கோலைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தாள். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, இது முதுகு. எங்கப்பா கழியில இத வேணும்னே வெப்பாரு. மீன் இழுக்குறது ஒரே பக்கம்தானே? அந்தப் பக்கத்துக்கு முதுகு இருந்தாத்தான் கழி முறுக்காது. நான் கை பழகின பழக்கத்துல..."

"மீன் ஒரு பக்கம் இழுக்கும். இவரு கோல நாலு பக்கமும் திருப்புவாரு," என்றாள் ரசமட்டம். "மீன் பிடிக்கிற குச்சியும் பந்தாடற கோலும் ஒண்ணான்னு அன்னைக்கே கேட்டேன். யாராவது காதுல போட்டுக்கிட்டீங்களா?"

ஓரப்பந்து கிளம்பப்போனவர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என்ன பண்ணணும்?"

"ஒவ்வொரு அடுக்கையும் வேற வேற எடத்துல ஆரம்பிக்கணும்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள், வார்த்தையை மற்றவள் திருடிவிட்ட மாதிரி.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார். ரசமட்டத்தின் கண் பட்டாணி இருந்த ஃபிரிட்ஜ் பக்கம் போனது. "இப்பத்தான் தோணிச்சு," என்றாள். மாமியார் அவளைச் சற்று நேரம் பார்த்தார். அவருக்கும் ஒரு ரசமட்டம் உண்டு. அது மனிதர்களை அளப்பது. எழுந்துபோய் இன்னொரு காபி போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார். ரசமட்டம் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

கம்பியில் இருந்த ஒற்றைக் கோட்டோடு, சுற்றிவர இன்னும் பல கோடுகளைப் பெரியவர் கீறினார். சின்னவள் முதல் அடுக்கை ஒரு கோட்டில், அடுத்ததை எதிர்ப்பக்கத்தில், அதற்கடுத்ததை நடுவில் என்று பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். வெந்து, ஆறி, கம்பி பிடுங்கி, தேய்த்து முடிந்த புதுக் கோல்கள் மேசைக்கு வந்தன. முக்காலியில் ரசமட்டம். பக்கத்தில் நின்றபடி சின்னவள்.

ரசமட்டம் கட்டைமேல் வைத்து அழுத்தி உருட்டினாள். முதல் கோலை ஓரமாக வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள்.

"என்னக்கா? அது துள்ளலையே?"

"துள்ளுது. உனக்குத் தெரியல."

சின்னவள் அதை வாங்கி உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு உருட்டினாள். உள்ளங்கை சிவந்தது. அவளுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. 'எனக்கு மட்டும் ஏன் தெரியல?' என்று உதடு பிதுங்கியது. அந்த உதட்டை ரசமட்டம் ஓரக்கண்ணால் பார்த்தாள். பேருந்துச் சக்கரம் ஓடிய அன்றுகூட அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்திருக்காது.

மூன்றாவது கோல் கையின் கீழ் எண்ணெய் மாதிரி ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை, துள்ளவில்லை. அவள் இன்னும் இரண்டு சுற்று, வேண்டுமென்றே தாமதித்து, உருட்டினாள். பட்டறையே அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை தலையாட்டினாள்.

ஓரப்பந்து அந்தக் கோலால் ஒரு வாரம் ஆடினார். பிறகு அதைத் திருப்பிக் கேட்டால் ஊரைவிட்டே போய்விடுவதாகச் சொன்னார். கூடத்தில் ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வந்தார்கள். பேக்டரி அளவுக்கு அவர்களால் செய்ய முடியாது. கம்பி சில, அடுப்பு ஒன்று, ஐஸ் பெட்டியில் பட்டாணிக்கும் இடம் வேண்டும். சுற்றுவதில் பாதியை ரசமட்டம் ஓரமாக வைத்துவிடுவாள். அவற்றில் சிலவற்றை உண்மையாகவே துள்ளியதால் வைத்தாள் என்றும், சிலவற்றைச் சின்னவளின் முகத்தைப் பார்க்கவே வைத்தாள் என்றும் பேச்சு உண்டு. ஆனால் வெளியே போன கோல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரே ஒரு குறை அவளுக்கு இருந்தது. ஊரில் எல்லோரும் அதைச் 'சின்னவ கோல்' என்றுதான் சொன்னார்கள். யார் யாரோ வந்து, "சின்னவ கோல் இருக்கா?" என்று அவளிடமே கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்வாள். சொல்லிவிட்டு முழங்கையைச் சொறிந்துகொள்வாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "கோல்ல ஒரு அடையாளம் போட்டா என்ன?"

"போடலாமேக்கா. ஒரு மீன் போடலாம்," என்றாள் சின்னவள்.

"மீனெல்லாம் வேண்டாம். ஒரு சின்ன வட்டம். குமிழி மாதிரி."

சின்னவள் ஒரு நொடி யோசித்தாள். "சரிக்கா," என்றாள். அந்தச் 'சரி'யில் நிறைய அடுக்கு இருந்தது.

அடுத்த கோலில் வட்டம் வந்தது. கைப்பிடியோடு சேர்கிற இடத்தில், மரையைப் பிரித்தால்தான் தெரிகிற மாதிரி, கடுகை விடச் சின்னதாக. ரசமட்டம் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து அதை வெகுநேரம் பார்த்தாள். வட்டம் நட்டநடுவில் இல்லை. மயிரிழை ஒதுங்கியிருந்தது. அந்தக் கைக்கு அப்படிப் பிசகாது என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்திருக்கிறாள், ரசமட்டத்தின் கண் ஒன்றுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

அவளுக்கு அரிப்பு சுத்தமாக நின்றுபோனது. எழுந்து சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் காபி போட்டாள். சின்னவளுடையதில் மட்டும் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைவு.

சின்னவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நிமிர்ந்து ரசமட்டத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குக்கா," என்றாள்.